212-ஆ, 191-ஆ? கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டும் லேப்புகளின் துல்லியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் ஒரு பெரிய மருத்துவமனையின் உயிர்வேதியியல் லேப்பில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாட்டுங்காவில் காபி குடிக்க உட்கார்ந்தாலும் சரி, சயான் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றாலும் சரி, தெரிந்தவர்கள் மொபைலை நீட்டி ரிப்போர்ட்டைக் காட்டுகிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். மருந்து எடுக்கலாமா, நிறுத்தலாமா என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அது என் வேலை இல்லை.

செவ்வாய்க்கிழமை மாட்டுங்காவில் ரத்தம் கொடுத்தேன், மொத்த கொலஸ்ட்ரால் 212. சந்தேகப்பட்டு சனிக்கிழமை செம்பூரில் வேறொரு லேப்பில் கொடுத்தேன், 191. எந்த லேப் தப்பு?

இரண்டுமே தப்பில்லாமல் இருக்க வாய்ப்பு நிறைய.

முதலில் உங்கள் உடம்பு. செவ்வாய்க்கிழமை இருந்த கொலஸ்ட்ரால் சனிக்கிழமை அப்படியே இருக்காது. மருந்து, சாப்பாடு எதுவும் மாறாத ஆரோக்கியமான ஆளுக்கே நாளுக்கு நாள் 5, 6 சதவீதம் ஏறி இறங்கும். அடுத்தது மெஷின். நல்ல லேப்பிலும் ஒரே ரத்தத்தைப் பத்து தடவை ஓட்டினால் பத்து தடவையும் 200 என்று வராது. 196, 203, 199 என்று சிதறும். இந்தச் சிதறல் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட இலக்கு.

இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரே லேப்பில் இரண்டு வெவ்வேறு நாள் எடுத்த ரிப்போர்ட்டுகளுக்கு நடுவே, 200 வாக்கில் இருப்பவருக்கு, சுமார் 35 மி.கி. (ஒரு டெசிலிட்டருக்கு; இங்கே வரும் கொலஸ்ட்ரால் எண்களெல்லாம் இந்தக் கணக்கில்தான்) வரை வித்தியாசம் எந்தக் காரணமும் இல்லாமலே வரலாம். உங்கள் வித்தியாசம் 21. அதுவும் லேப்பே வேறு.

இதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. "அப்போ எதுக்கு சார் டெஸ்டு?" என்கிறார்கள். 200-ஐ ஏதோ லைன் ஆஃப் கன்ட்ரோல் மாதிரி நினைத்துக்கொண்டு, 199 என்றால் பாயசம், 201 என்றால் பட்டினி என்று இருப்பவர்களுக்குத்தான் இது கஷ்டமான பதில். ரிப்போர்ட்டில் அச்சாகும் எண்ணுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் அகலம் உண்டு. அந்த அகலம் நியாயமான அளவா, லேப்பின் கவனக்குறைவால் பெருத்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

துல்லியம், துல்லியம் என்கிறீர்களே, அதற்கு அளவு உண்டா?

உண்டு. என் அப்பாவின் மளிகைக் கடையை வைத்துச் சொல்கிறேன். தாராவியில் சின்னக் கடை. தராசும் இரும்புப் படிக்கற்களும். படிக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும், அதில் ஈயம் அடைத்து, அதன்மேல் அரசு முத்திரை. கல் தேய்ந்து போனால் ஈயத்தைக் கூட்டிச் சரிசெய்து மறுபடி முத்திரை வாங்க வேண்டும்.

இப்போது இரண்டு கோளாறு யோசியுங்கள். ஒன்று, தராசின் முள் ஆடிக்கொண்டே இருக்கிறது; ஒரே பருப்பை ஒரு தடவை 980 கிராம் என்கிறது, அடுத்த தடவை 1,020 என்கிறது. இது சிதறல். இன்னொன்று, முள் ஆடவே இல்லை, ஆனால் கல் தேய்ந்திருக்கிறது. எத்தனை தடவை நிறுத்தாலும் 960 கிராம்தான் உங்கள் பையில் விழுகிறது. இது ஒருபக்கச் சாய்வு. வாடிக்கையாளர் ஆடுகிற முள்ளைப் பார்த்துச் சண்டை போடுவார். தேய்ந்த கல் அவர் கண்ணுக்கே தெரியாது.

கொலஸ்ட்ரால் லேப்புக்கும் இதே இரண்டு கோளாறுதான். அமெரிக்காவின் தேசிய கொலஸ்ட்ரால் கல்வித் திட்டம் வைத்த இலக்குகளைத்தான் உலகம் முழுக்க அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். மொத்த கொலஸ்ட்ராலுக்குச் சிதறல் 3 சதவீதத்துக்குள், சாய்வு 3 சதவீதத்துக்குள். இரண்டும் சேர்ந்து ஒரு தனி ரிப்போர்ட்டில் வரக்கூடிய மொத்தப் பிழை 8.9 சதவீதத்துக்குள். உண்மையான அளவு 200 என்றால் 182-லிருந்து 218 வரை எது வந்தாலும் இலக்குக்குள்தான். கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லும் எல்.டி.எல்.-க்கு மொத்தப் பிழை 12 சதவீதம், நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லும் ஹெச்.டி.எல்.-க்கு 13, ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடுக்கு 15.

செம்பூர் 191, மாட்டுங்கா 212. இரண்டும் எங்கே விழுகின்றன என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

உண்மையான அளவு 200 என்று யார் சொல்வது? அந்தப் படிக்கல் எங்கே இருக்கிறது?

எனக்குப் பிடித்த கேள்வி இது, ஆனால் அபூர்வமாகத்தான் யாராவது கேட்பார்கள்.

கடைக்காரரின் கல்லை ஆய்வாளரின் கல்லோடு ஒப்பிடுவார்கள், அதை அதற்கு மேலான கல்லோடு. நம் நாட்டில் இந்த ஏணியின் உச்சியில், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில், 57 என்ற எண்ணுள்ள பிளாட்டினம்-இரிடியம் கிலோகிராம் இருக்கிறது. கொலஸ்ட்ராலுக்கும் இப்படியொரு ஏணி உண்டு. 1967-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் தூய கொலஸ்ட்ரால் படிகத்தைச் சான்றளித்து வெளியிட்டது. அதன் எண் 911. அதுதான் நம் தாய்க்கல்.

அதற்கு அடுத்த படி, ஒரு மனிதரின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று சந்தேகமில்லாமல் சொல்லும் முறை. ஏபெல், கெண்டல் உள்ளிட்டோர் 1952-இல் வெளியிட்ட முறையைத் திருத்தி, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒப்பீட்டு முறையாக வைத்துக்கொண்டது. ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தைக் காரத்தில் வேகவைத்து, கொலஸ்ட்ராலைக் கரைப்பானில் பிரித்தெடுத்து, பிறகு நிறம் வரவைத்து அளப்பது. நாள் முழுக்க உட்கார்ந்தாலும் சில சாம்பிள்தான் முடியும். அதற்கும் மேலே நிறை நிறமாலைக் கருவியை வைத்து அளக்கும் முறை இருக்கிறது. அது இன்னும் நுட்பம், இன்னும் செலவு.

உங்கள் தெருமுனை லேப்பில் இருக்கும் மெஷின் இந்த வேலை எதையும் செய்வதில்லை. அதற்குக் கம்பெனி ஒரு கேலிபரேட்டர் குப்பி தருகிறது: அளவு குறித்த திரவம், மெஷினுக்கு அதுதான் படிக்கல். குப்பியில் எழுதியிருக்கும் எண் அந்த ஏணியில் ஏறி வந்திருந்தால் உங்கள் ரிப்போர்ட்டுக்கும் வேர் இருக்கிறது. அதனால்தான் ரீஏஜென்ட் (சோதனைக்கான ரசாயனம்) ஒரு கம்பெனி, கேலிபரேட்டர் வேறு கம்பெனி என்று விலை பார்த்து வாங்கிக் கலக்கும் லேப் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நம் ஊர் லேப்புகளை யாராவது சோதிக்கிறார்களா, இல்லை அவரவர் மனச்சாட்சியா?

இரண்டு சோதனை உண்டு. ஒன்று தினசரி. அளவு தெரிந்த கன்ட்ரோல் சீரத்தைக் காலையில் நோயாளிகளின் சாம்பிளுக்கு முன்னால் ஓட்டி, கோட்டுப் படத்தில் புள்ளி வைப்பார்கள். புள்ளி எல்லை தாண்டினால் அன்றைய ரிப்போர்ட் நிற்கும். எல்லைக்குள்ளேயே இருந்தாலும் பத்து நாள் தொடர்ந்து ஒரே பக்கமாக விழுந்தால் கல் தேய்கிறது என்று அர்த்தம். நல்ல டெக்னீஷியனுக்கு இது நாடி பிடிப்பது மாதிரி.

மற்றது வெளியாள் வைக்கும் தேர்வு. இதில் நமக்குப் பெருமைப்பட ஒரு விஷயம் உண்டு. இந்தியாவின் மூலை முடுக்கிலிருந்து லேப்புகள் சேர்ந்திருக்கும் பெரிய தேர்வை நடத்துவது நம் வேலூர் சி.எம்.சி.யின் உயிர்வேதியியல் துறை. இந்திய மருத்துவ உயிர்வேதியியலாளர் சங்கத்தோடு சேர்ந்து பல வருடங்களாக நடத்துகிறார்கள். உலரவைத்துப் பொடியாக்கிய சீரம் குப்பியில் வரும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். நீங்கள் தண்ணீர் விட்டுக் கரைத்து, அளந்து, விடையை அனுப்ப வேண்டும். அதே முறையில் அளக்கும் மற்ற லேப்புகளின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று மதிப்பெண் வரும். இப்படிப்பட்ட தேர்வுகளில் 2-க்குள் இருந்தால் நிம்மதி, 2-க்கும் 3-க்கும் நடுவே என்றால் கவனி, 3-ஐத் தாண்டினால் வேலையை நிறுத்திக் காரணம் தேடு.

என் குட்டை நானே உடைக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாதக் குப்பியை நான் கரைத்தேன். 5 மில்லி தண்ணீர் விட வேண்டும். பிப்பெட்டின் நுனியில் கொஞ்சம் தங்கிவிட்டது போல, விழுந்தது 4.8-தான். கொலஸ்ட்ரால் 4 சதவீதம் கூடுதலாக வந்தது. எனக்கு உதறல். பயத்தில் மூன்று தடவை ஓட்டிச் சராசரி போட்டேன். சராசரியும் கூடுதலாகத்தான் வந்தது, வராமல் எங்கே போகும்? எங்கள் சீனியர் அம்மா தாளைப் பார்த்தார். "யூரியா எவ்வளவு? சர்க்கரை எவ்வளவு?" என்றார். எல்லாமே 4 சதவீதம் கூடுதல். "எல்லாம் ஒரே அளவுக்கு ஏறினா மெஷின்மேல பழி போடாத. தண்ணி கம்மி" என்றார். அதைவிட அவர் திட்டியது வேறொன்றுக்கு: "நோயாளி ரத்தத்தை மூணு தடவை ஓட்டுவியா? அப்புறம் இதை மட்டும் ஏன் ஓட்டின?"

அந்தக் கேள்விதான் இந்தத் தேர்வின் உயிர். தேர்வுக் குப்பிக்குத் தனி மரியாதை கொடுத்து, சீனியர் கையால் ஓட்டி, பக்கத்து லேப்புக்கு போன் போட்டு "உங்களுக்கு எவ்வளவு வந்தது?" என்று விசாரித்து அனுப்பும் லேப்புகள் உண்டு. மதிப்பெண் அழகாக வரும். மறுநாள் உங்கள் ரத்தம் அந்த மரியாதையோடு அளக்கப்படாது.

எல்லா லேப்பும் ஒரே விடை சொன்னால் போதாதா?

போதாது. ஊர்ச் சந்தையில் எல்லாக் கடையிலும் ஒரே பட்டறையில் வார்த்த கல் இருந்து, அந்த அச்சே 40 கிராம் குறைவு என்றால்? கடைக்குக் கடை ஒத்துப்போகும். ஊரே ஏமாறும்.

ஒரே கம்பெனி ரீஏஜென்ட் வைத்திருக்கும் லேப்புகளைத் தங்களுக்குள்ளேயே ஒப்பிட்டால் இந்த ஆபத்து உண்டு. "அப்படியானால் எல்லாரையும் தாய்க்கல்லோடு ஒப்பிட வேண்டியதுதானே?" என்றால், அதற்கு ஒரு முட்டுக்கட்டை. பொடியாக்கி மறுபடி கரைத்த சீரம் புது ரத்தம் மாதிரி நடந்துகொள்வதில்லை. கொஞ்சம் கலங்கலாக இருக்கும், புரதம் மாறியிருக்கும். நோயாளி ரத்தத்தைச் சரியாக அளக்கும் மெஷினே இந்தக் குப்பியைத் தப்பாக அளக்கலாம். ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு விதமாக. பழைய சோற்றை வைத்து அரிசியின் தரம் பார்ப்பது போல. அதனால்தான் ஒரே முறைக்காரர்களைக் கூட்டுச் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள். பொடியாக்காமல் உறைய மட்டும் வைத்த மனித சீரத்தை அனுப்பினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் போய்விடும். அமெரிக்கத் தர நிறுவனத்தின் 1951 என்ற எண்ணுள்ள சீரம் அந்த வகை. ஆனால் அதைப் பனிக்கட்டியில் வைத்து, ஜூலை மழையில், தண்ணீர் தேங்கிய தெருவைத் தாண்டிக் கூரியரில் அனுப்பிப் பாருங்கள்.

லேப்புகளை ஒப்பிடும் பழக்கம் எப்படித் தொடங்கியது என்பதும் சுவாரசியம். 1947-இல் பெல்க், சண்டர்மன் என்ற இருவர் பென்சில்வேனியா வட்டாரத்து மருத்துவமனை லேப்புகளுக்கு ஒரே மாதிரியான திரவத்தை அனுப்பி விடை கேட்டார்கள். வந்த விடைகள் ஆளுக்கொரு திசை. அந்த அவமானத்திலிருந்துதான் இன்றைய தேர்வுகள் எல்லாம் கிளைத்தன.

லேப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரை இருந்தால் நம்பலாமா?

இல்லாததைவிட இருப்பது மேல். ஐ.எஸ்.ஓ. 15189 என்ற தரத்தின்படி ஆய்வு செய்துதான் கொடுக்கிறார்கள். வெளித்தேர்வு எழுதுவது அதில் கட்டாயம். ஆனால் அங்கீகாரம் டெஸ்டுக்கு டெஸ்டு தனி. போர்டில் முத்திரை இருக்கும், நீங்கள் கொடுத்த டெஸ்ட் பட்டியலில் இருக்காது. ரிப்போர்ட்டில் சில டெஸ்டுகளின் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், அதற்குக் கீழே பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். இன்னொன்று: டோம்பிவிலியில் நீங்கள் கை நீட்டிய இடம் வெறும் சேகரிப்பு மையமாக இருக்கும். அங்கீகாரம் பெற்ற லேப் வேறெங்கோ இருக்கும்.

என் எல்.டி.எல். ஒரு லேப்பில் 138, இன்னொன்றில் 121. மொத்த கொலஸ்ட்ரால் கிட்டத்தட்ட ஒன்றுதான். இது எப்படி?

ஒரு லேப் எல்.டி.எல்.-ஐ நேராக அளந்திருக்கும். இன்னொன்று அளக்கவே இல்லை, கழித்திருக்கும்.

1972-இல் ஃப்ரீட்வால்ட் கொடுத்த சூத்திரம்: மொத்த கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்.டி.எல்.-ஐக் கழி, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழி, மிச்சம் எல்.டி.எல். மொத்தம் 200, ஹெச்.டி.எல். 40, ட்ரைகிளிசரைடு 150 என்றால் எல்.டி.எல். 130. இப்போது மொத்தத்தில் 3 சதவீதம் கூடி 206 ஆகட்டும், ஹெச்.டி.எல்.-இல் 5 சதவீதம் குறைந்து 38 ஆகட்டும். இரண்டும் அனுமதிக்கப்பட்ட சாய்வுதான். எல்.டி.எல். 138 ஆகிவிட்டது. மற்றவர்களின் பிழையெல்லாம் கடைசிப் பந்தியில் உட்கார்ந்த இவன் இலையில் விழுகிறது.

ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரம் செல்லாது என்று அதை எழுதியவர்களே சொல்லிவிட்டார்கள். அதற்குக் கீழேயும், ட்ரைகிளிசரைடு ஏற ஏற, எல்.டி.எல். இறங்க இறங்க, சூத்திரம் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ட்ரைகிளிசரைடு கூடுதல், ஹெச்.டி.எல். குறைவு என்பது நம் ஆட்களுக்குச் சர்வசாதாரணம் என்பதால் இது நமக்குச் சின்ன விஷயம் இல்லை. 2013-இல் மார்ட்டின்-ஹாப்கின்ஸ், 2020-இல் சாம்ப்ஸன் என்று திருத்திய சூத்திரங்கள் வந்துவிட்டன. உங்கள் லேப் எதைப் பயன்படுத்துகிறது என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

நேராக அளப்பதுதான் உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள். அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி வேதியியல் வேறு; ட்ரைகிளிசரைடு அதிகமுள்ள ரத்தத்தில் அவற்றுக்குள்ளும் ஒத்துப்போகாது. என்னைக் கேட்டால், மொத்தத்திலிருந்து ஹெச்.டி.எல்.-ஐ மட்டும் கழித்துவரும் எண்ணையும் பாருங்கள் என்பேன். ஐந்தால் வகுக்கும் வித்தை அதில் இல்லை. பட்டினி கிடக்கவும் வேண்டாம்.

அப்போ வெறும் வயிற்றில் போக வேண்டாமா?

மொத்த கொலஸ்ட்ராலுக்கும் ஹெச்.டி.எல்.-க்கும் தேவையில்லை. ட்ரைகிளிசரைடு பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தால் போங்கள்.

ரத்தம் எடுக்கும்போது நான் கவனிக்க ஏதாவது இருக்கிறதா?

நிறைய, ஆனால் யாரும் சொல்வதில்லை. தாதர் பாலத்தில் ஏறி இறங்கி, மூச்சு வாங்க ஓடிப்போய்க் கை நீட்டாதீர்கள். பத்து நிமிடமாவது உட்காருங்கள். நிற்கும்போது ரத்தத்தின் நீர் கொஞ்சம் திசுக்களுக்கு இறங்கி ரத்தம் கெட்டியாகும். கொலஸ்ட்ரால் கூடுதலாகத் தெரியும். படுத்தால் தலைகீழ். நின்றபடி எடுத்ததற்கும், நன்றாகப் படுத்திருந்து எடுத்ததற்கும் 10 சதவீதம்கூட வித்தியாசம் வரும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்த ரிப்போர்ட்டையும் வெளியே லேப் நாற்காலியில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சண்டை போடும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நரம்பு தேடிக்கொண்டு கையில் பட்டையை இறுக்கி நிமிடக்கணக்கில் விட்டாலும் இதே கதை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போட்ட ஊதா மூடிக் குழாயில் எடுத்த பிளாஸ்மாவில், சீரத்தைவிடச் சுமார் 3 சதவீதம் குறைவாக வரும்.

காய்ச்சலோ, அறுவைச் சிகிச்சையோ, மாரடைப்போ வந்திருந்தால் கொலஸ்ட்ரால் இறங்கிவிடும், பல வாரம் அப்படியே இருக்கும். மாரடைப்புக்குப் பிறகு "எனக்கு கொலஸ்ட்ராலே இல்லையே" என்று ஆச்சரியப்படுபவர்களுக்கு இதுதான் பதில். கர்ப்பத்தில் ஏறும்.

வைட்டமின் சி நரம்பு வழியாக நிறைய ஏற்றியிருந்தால் லேப்பில் சொல்லுங்கள். 1974-லிருந்து புழக்கத்தில் இருக்கும் நொதி முறையில், கொலஸ்ட்ராலிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகி, அது சிவப்பு நிறமாக மாறும். அந்த நிறத்தைத்தான் மெஷின் அளக்கிறது. வைட்டமின் சி நடுவே புகுந்து பெராக்சைடைத் தின்றுவிடும். எண் குறையும். அதற்கு முந்தைய முறையில் அடர் கந்தக அமிலம். நான் சேர்ந்த காலத்தில் அதைக் கையாண்ட மூத்தவர்களின் கோட்டில் பொத்தல் இல்லாத இடம் கிடையாது. அந்தக் கஷ்டத்தோடு ஒப்பிட்டால் வைட்டமின் சி தொல்லை ஒன்றுமே இல்லை.

எழுபது, எண்பது டெஸ்ட் சேர்த்துச் சல்லிசாகத் தருகிறார்கள். விலை குறைவென்றால் தரமும் குறைவா?

அப்படிச் சொல்ல முடியாது. கொலஸ்ட்ரால் ரீஏஜென்ட் விலை குறைந்ததுதான். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஓட்டும் பெரிய மெஷின், பத்து சாம்பிள் ஓட்டும் சின்ன லேப்பைவிட நிலையாக நிற்கும். கன்ட்ரோல் ஓட்டும் செலவு ஆயிரம் பேருக்குப் பகிர்ந்து விழுகிறது. பத்து பேர் வரும் லேப்பில் அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத் தோன்றும். பெரிய இடத்தில் எனக்கு இருக்கும் கவலை வேறு: காலை ஆறரைக்கு எடுத்த ரத்தம் பைக்கில் எத்தனை மணி நேரம் சுற்றுகிறது என்பது. கொலஸ்ட்ரால் அதைத் தாங்கும், நல்ல உறுதியான சரக்கு. அதே குழாயில் அளக்கும் பொட்டாசியம் தாங்காது.

சந்தேகம் தீர ஒரே ரத்தத்தை இரண்டு லேப்புக்குக் கொடுத்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஒரே குத்தில், ஒரே வகைக் குழாய் இரண்டில் எடுத்து, அன்றைக்கே இரண்டு இடத்திலும் கொடுங்கள். அப்போது உடம்பின் ஏற்ற இறக்கம் கணக்கிலிருந்து போய்விடும். மிஞ்சுவது லேப்புகளின் வித்தியாசம் மட்டும். 200-க்கு 16, 17 வரை என்றால் விடுங்கள். 30, 40 என்றால் யாரோ ஒருவரின் கல் தேய்ந்திருக்கிறது. யாருடையது என்று இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு இரண்டு பேரிடமும் அந்த மாத வெளித்தேர்வு மதிப்பெண்ணைக் கேளுங்கள். ஒருவர் தாளை எடுத்துக் காட்டுவார். இன்னொருவர் உங்களை உட்காரவைத்துத் தங்கள் லேப்பின் புகழைப் பேசுவார்.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பவர்கள் இதெல்லாம் செய்யத் தேவையில்லை. ஒரே லேப்பில், ஒரே மாதிரி நேரத்தில், தொடர்ந்து எடுங்கள். கல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் போன மாதமும் அதே கல்தான். ஏறியதா இறங்கியதா என்பது தெரிந்துவிடும். மருந்து தொடங்கலாமா என்ற முதல் முடிவுக்கு மட்டும், இரண்டு வாரம் விட்டு இன்னொரு தடவை எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது.

விரலில் குத்திப் பார்க்கும் சின்ன மெஷின் வாங்கலாமா?

சர்க்கரைக்கு வாங்குங்கள். கொலஸ்ட்ராலை வீட்டில் அடிக்கடி பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. விரலைப் பிதுக்கிப் பிதுக்கி எடுத்தால் திசு நீர் கலந்து எண் மாறும்.

மகள் சிங்கப்பூரிலிருந்து தன் ரிப்போர்ட்டை அனுப்பியிருக்கிறாள். கொலஸ்ட்ரால் 5.2 என்று இருக்கிறது. இவ்வளவு குறைவாக இருக்கலாமா?

பதற வேண்டாம். அங்கே அலகு மில்லிமோல். 38.67-ஆல் பெருக்குங்கள், நம் கணக்கில் 201 வரும். ஹெச்.டி.எல்., எல்.டி.எல். இரண்டுக்கும் இதே பெருக்கல்தான். ட்ரைகிளிசரைடுக்கு மட்டும் 88.57. இதை மறந்து எல்லாவற்றையும் 38.67-ஆல் பெருக்கிவிட்டு, தன் பெண்ணின் ட்ரைகிளிசரைடு 70 என்று கிங்ஸ் சர்க்கிள் முழுக்கச் சொல்லிவந்த ஒரு மாமா எனக்குத் தெரியும். 160.